மாரெட்பள்ளியில் சாகாத ஒரு வயர்

தம்பிகளுக்கு,

கம்பத்தின் மேல் நிற்பவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. கேபிள் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். கீழே நின்றால் வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்பார்கள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏணியில் ஏறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நேற்று நாச்சாரம் குடோனில் காண்டிராக்டர் உங்களை உட்காரவைத்து, "அண்ணன் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு, ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றார். நான் எழுந்து, "பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு கேட்டா அண்ணன் ஒண்ணு சேர்த்தே குடுத்துட்டாரு" என்று உங்களில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

சொல்ல நினைத்தது வேறு. வாயில் வராதது கையில் வரலாம் என்று எழுதுகிறேன். ரயில்வே பட்டறைக் காலனித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் தாண்டிப் படியுங்கள்.

நாளைக் காலை நீங்கள் மாரெட்பள்ளிக்குப் போகிறீர்கள். போன வருடம் மின்கம்பங்களில் தொங்கிய வயர்களை அறுத்தார்கள். இப்போது சுவர்களிலும் மரங்களிலும் கிடக்கும் செத்த வயர்களை அறுத்து இறக்கச் சொல்லி வேலை வந்திருக்கிறது. அவற்றில் ஒன்று சாகவில்லை. ஸ்டெல்லா டீச்சர் என்பவரின் பிழைப்பு அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஃபைபரை உரிப்பது, மெஷினில் வைத்து ஒட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லித்தராதது சுருள். நாங்கள் வயர் இழுத்த காலத்தில் கம்பத்துக்குக் கம்பம் கொஞ்சம் வயரை அதிகமாக விட்டு, வட்டமாகச் சுற்றிக் கட்டிவைப்போம். லைன் அறுந்தால் அந்தச் சுருளை அவிழ்த்து இழுத்து ஒட்டிவிடலாம். சுருள் இல்லாவிட்டால் அறுந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று எட்டாது. புதிதாக வயர் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் முதலாளி அல்ல, எதிரி. அதே தெருவில் வேறொரு கேபிள்காரரிடம் வேலை பார்த்த லைன்மேன். ஏறக்குறைய என் வயதுதான். இந்த ஊர் உருதுவான தக்கினி பேசுபவர், எங்கள் காலனியில் வளர்ந்ததால் தமிழும் வரும். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஒரு மழை நாளில் வேப்பங்கிளை முறிந்து இரண்டு பேர் வயரும் அறுந்துவிட்டது. நான் முதலில் போய் என்னுடையதை ஒட்டிவிட்டு இறங்கினேன். அவர் கீழே நனைந்தபடி நின்றிருந்தார்.

"கைக்கு பையா, ஏன், உன்னுது மட்டும்தான் வயரா? என்னுது என்ன, துணி காயப்போடற கொடியா?"

"அது உங்க கம்பெனியோடது" என்றேன்.

"ஹவ், ஆமா, கம்பெனி வேற. மழை ஒண்ணுதான? முதல்ல ஏறினவன் ரெண்டையும் ஒட்டணும். நாளைக்கு நான் முதல்ல வந்தா உன்னுதையும் ஒட்டுவேன்." பிறகு நான் விட்டிருந்த சுருளைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கஞ்சன் வீட்டு ஜிலேபியா? ஒரு சுத்துதான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் யார் முதலில் போனாலும் இரண்டையும் ஒட்டினோம். எங்கள் முதலாளிகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்க மாட்டார்கள். மேலே நாங்கள் இப்படி இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் வாடிக்கையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாடியில் அவரும் அவருடைய அப்பாவும் மட்டும். வேலை பார்த்த சிறு பள்ளிக்கூடத்தை மூடியபின் ஒரு ஆப் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். அவருடைய ஜன்னல் சரியாக என் கம்பத்தின் உயரத்தில் இருக்கும். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதை நான் அங்கே தொங்கியபடிதான் கேட்டேன். ஆங்கிலம் புரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரியாவிட்டால் அவர் குரல் ஏறாமல் இறங்குவது புரியும்.

இணையம் மேகத்தில் இருக்கிறது என்கிறார்கள். நான் பார்த்த இணையம் காக்கை எச்சத்துக்கு நடுவே கம்பத்தில் இருந்தது. அதை யார் ஆளவேண்டும் என்று வெளிநாடுகளில் பெரிய மண்டபங்களில் கூடிப் பேசுவார்கள் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரிந்த ஆட்சி வேறு மாதிரி. ஊரில் ஒருநாள் பதற்றம். ஒரு கான்ஸ்டபிள் எங்கள் சிறு அலுவலகத்துக்கு வந்து லைனை எல்லாம் நிறுத்தச் சொன்னார். முதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டார். தெருமுனை நர்சிங் ஹோமுக்கும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். கான்ஸ்டபிள் யோசித்தார், அவருடைய அதிகாரிக்கு ஃபோன் செய்தார். நர்சிங் ஹோம் லைனை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். அது நல்ல ஆட்சி என்று சொல்லமாட்டேன். நிறுத்தச் சொன்னவருக்கு ஒரு முகம் இருந்தது, அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க முடிந்தது.

பிறகு பெரிய கம்பெனி வந்தது. உங்கள் சட்டையில் இப்போது இருப்பது அதன் பெயர்தான். மாதக்கணக்கில் இலவசம் என்று தட்டி கட்டினார்கள். என் முதலாளி தெலுங்குக்காரர், பதறாத மனிதர். "வரட்டும்ப்பா. நான் வந்தப்போ எனக்கு முன்னாடி இருந்த கேபிள்காரன் அழுதான். ஆனா ஜனங்களுக்கு நல்லதுதானே நடந்தது? சந்தை தானே சரிபண்ணிக்கும்" என்றார். மனதார நம்பித்தான் சொன்னார்.

வீடுகள் ஒன்றொன்றாக விலகின. முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பின் தெருவில் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளைக் கம்பெனி பிடிப்பதற்குள் நாம் பிடிக்க வேண்டும். புது வயர் வாங்கக் கையில் இல்லை. "கம்பத்துல சும்மா தூங்கற வயரை எழுப்புங்க" என்றார். சுருள்களை எல்லாம் அவிழ்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்குமாடிகளுக்கு இழுத்தோம். சில வாரங்கள் தொழில் பிழைத்துக்கொண்டது போலவே தெரிந்தது. முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

கோடையின் முதல் புயல்மழையில் தெரு நெடுக அறுந்தது. எந்த முனையும் எந்த முனையையும் எட்டவில்லை. எதிரி லைன்மேன் தன்னுடையதை எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு, என் கம்பத்தின் அடியில் வந்து நின்றார்.

"ஜிலேபி சாப்பிட்டாச்சா?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

புது வயர் வந்து சேர்வதற்குள் பாதித் தெரு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி கடையைக் கட்டினார்.

இங்கே ஒரு பாடம் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் நடந்தது அப்படி நிற்கவில்லை. சுருளைக் காப்பாற்றிய அந்த எதிரியின் கம்பெனியும் அடுத்த வருடமே மூடிவிட்டது. இலவசத்தோடு யார் போட்டி போடுவது? அவர் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாகப் போனார். போவதற்கு முன் வயர்களை இறக்கிவிடலாமே, பழைய சாமான் கடையில் எடுத்துக்கொள்வார்களே என்று கேட்டேன்.

"நக்கோ பையா, வேணாம். இருக்கட்டும். யாருக்காவது துணி காயப்போட ஆகும்."

எங்கள் தெருவில் சந்தை தன்னைச் சரிசெய்துகொண்டது. சரியாகி முடிந்தபோது ஒரே ஒரு வயர்தான் மிச்சம். அதன்பின் இலவசம் நின்றது. நானும் காண்டிராக்டர் வழியாக அதே கம்பெனிக்குத்தான் ஏணி தூக்கினேன். வேறு எங்கே போவது? அங்கே சுருள் கிடையாது. சுருளாக விட்ட வயரை வீணென்று சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள். ஸ்டெல்லா டீச்சரும் வேறு வழியில்லாமல் கம்பெனி லைனுக்கு மாறினார்.

போன வருடம், மின்கம்பங்களில் ஒரு வயர்கூட இருக்கக்கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அறுத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கம்பங்கள் வயர் தாங்காமல் சாய்ந்திருந்ததை நானும்தான் பார்த்தேன். அறுத்த மறுநாள் காலையில் நான் போனபோது வயர்கள் தெருவில் கோரைப்புல் மாதிரிக் குவிந்து கிடந்தன.

டீச்சர் ஜன்னலில் நின்றிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வந்துரும்லா?"

"வயரே இல்லீங்க டீச்சர். மெயின் ரோட்டுல இருந்து புதுசா இழுக்கணும். வயர் எப்ப வரும்னு தெரியல."

"ஃபோன்ல போட்டுப் பார்த்தேன். பிள்ளைக முகம் நின்னு நின்னு வருது. கிளாஸ் விட்டுப்போச்சுன்னா அந்த ஆப்ல ஸ்டார் குறையும்ணே. ரொம்பக் குறைஞ்சா என் அக்கவுண்டையே மூடிருவாங்க." பிறகு, "லைன் இல்லன்னு உங்க கம்பெனி ஒரு மெசேஜ் குடுத்தா அதைக் காட்டித் தப்பிச்சிக்கலாம். டிக்கெட்டை மட்டும் மூடிராதீங்க" என்றார்.

உள்ளேயிருந்து அவர் அப்பாவின் குரல் வந்தது. "ஏம்மா, அந்த ஆளை மேல வந்து ஒரு காப்பி குடிக்கச் சொல்லு. எப்பப் பாரு கம்பத்துலயே குடியிருக்காரு."

டிக்கெட் என்பது புகார். நம் ஃபோனில் சிவப்பாக வரும், சரிசெய்து 'முடிந்தது' அழுத்தினால் பச்சையாகும். அது உங்களுக்குத் தெரியும். திறந்திருக்கும்வரை லைன் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மூடிவிட்டால் கம்பெனிக் கணக்கில் லைன் நன்றாக இருக்கிறது, டீச்சர் பொய் சொல்கிறார் என்று ஆகும்.

சூப்பர்வைசர் ஃபோனில் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையானவர்.

"அண்ணா, உங்க ஏரியா முழுக்கச் சிவப்பா இருக்குங்ண்ணா."

"வயர் இல்லீங்க சார்."

"தெரியுங்ண்ணா. முடிஞ்சதுன்னு அடிச்சு விட்டுருங்க. அவங்க மறுபடி கம்ப்ளைன்ட் பண்ணுனா புது டிக்கெட் வரும், டைம் புதுசா ஓடும்."

"வராத லைனை வந்துருச்சுன்னு எப்படிங்க சார் போடறது?"

"இதையேதாங்ண்ணா நான் எனக்கு மேல இருக்கறவருகிட்ட கேட்டேன். அவரு அவரோட ஸ்கிரீனைக் காட்டுனாரு. அவருதும் சிவப்பாத்தான் இருந்துச்சு."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் குழுவில் மற்றவர்கள் எல்லாரும் அழுத்தினார்கள், அவர்கள்மேலும் இல்லை. நான் ஒருவன் அழுத்தாவிட்டால் மொத்தக் குழுவுக்கும் ஊக்கத்தொகை போகும் என்று ஒருவர் வந்து கெஞ்சினார். அவருக்கு வீட்டில் சின்னக் குழந்தை. டீச்சர் ஜன்னலைவிட்டு நகராமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது சரி என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அழுத்தாமல் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு தெருவின் பின்பக்கம் நடந்தேன். அந்த இடத்தை விட்டு விலக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

அங்கேதான் அது கண்ணில் பட்டது. எதிரி லைன்மேனின் பழைய வயர். அவர் பாதி வழியை மின்கம்பத்தில் கொண்டுபோகாமல் வீட்டுச் சுவர்களின் மேலாகக் கொண்டுபோயிருந்தார். அறுத்தவர்கள் சுவர்ப் பக்கம் வரவில்லை. ஒரு வீட்டு மாடியில் உண்மையாகவே அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டம்மாவிடம் கேட்டு, துணிகளை எடுக்கச் சொல்லி, வயரின் ஒரு முனையில் வெளிச்சம் விட்டு மறுமுனையில் தெரிகிறதா என்று பார்த்தேன். ஃபைபர் உயிரோடுதான் இருந்தது. ஒரு முனை மெயின் ரோட்டுப் பெட்டிக்கு எட்டவில்லை, மறுமுனை டீச்சர் வீட்டுக்கு எட்டவில்லை. இரண்டு முனையிலும் தடிமனாக ஒவ்வொரு சுருள் இருந்தது. கஞ்சத்தனம் இல்லாத சுருள். அவிழ்த்து இழுத்தேன். எட்டியது.

டீச்சர் வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா காப்பியைக் கையில் கொடுத்து, "இறங்கி வந்துட்டேரே" என்றார்.

இப்போது உண்மையாகவே 'முடிந்தது' அழுத்தலாம் என்று ஃபோனை எடுத்தேன். டிக்கெட் ஏற்கெனவே மூடியிருந்தது. நேரம் கடந்ததால் தானாகவே மூடிக்கொண்டுவிட்டது. அதற்கு ஒரு காரணமும் தானாகவே எழுதிக்கொண்டிருந்தது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. அதே மெசேஜ் டீச்சரின் ஃபோனுக்கும் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"நான் வீட்ல இல்லையாம்ணே" என்றார்.

காலையிலிருந்து ஜன்னலில் நின்றவர்.

விட்டுப்போன வகுப்புகளுக்குச் சாட்சி கேட்ட ஆப்புக்கு அனுப்ப டீச்சரிடம் இருந்தது அந்த மெசேஜ்தான். அங்கே அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள். டீச்சர் எழுதிக்கேட்டார். ஒரு பெண் பெயரில் பதில் வந்தது, உங்கள் வருத்தம் புரிகிறது என்று. மறுபடி எழுதினார். வேறொரு பெயரில், எழுத்து மாறாமல் அதே வருத்தம் வந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. டீ வாங்கிக் கொடுக்க அங்கே கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு டீச்சர் எங்கே போனார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டிக்கெட்டைத் திறந்துவைத்ததற்காக, எனக்கு வேலை வரும் கம்பெனி ஐடியையும் பூட்டினார்கள். முழங்காலும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. காண்டிராக்டர் நல்ல மனிதர், குடோனில் வயர் அளந்துகொடுக்க உட்காரவைத்திருக்கிறார்.

டீச்சர் இப்போது வேறொரு ஆப்பில் பாடம் நடத்துகிறார். அங்கே அவர் புது ஆள், ஒரு ஸ்டாரும் கிடையாது. பாதி விலைக்கு, காலையில், யாரும் எடுக்காத நேரத்தில் எடுக்கிறார். ஓடுவது அந்தச் செத்த வயரில்தான். அவருக்கு முறையான லைன் இழுத்துக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். கம்பெனிக் கணக்கில் அந்த வீட்டுக்கு லைன் ஏற்கெனவே இருப்பதாகக் காட்டுகிறதாம். இருக்கிற லைனுக்குப் புது லைன் போட முடியாது. அறுந்தபிறகு புகார் கொடுத்தால் வழி உண்டு என்றார். காண்டிராக்டரிடமும் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வந்த வேலையை நான் எப்படிண்ணே மாத்தறது?" என்றார்.

ஆகவே அறுக்காதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. அறுக்காவிட்டால் உங்கள் ஐடி பூட்டும். நீங்கள் வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருப்பது எனக்குத் தெரியும். சுருள் விடுங்கள் என்றும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. விட்டவரும் போனார், விடாதவரும் போனார். விட்டால் யாருக்கோ என்றைக்கோ எட்டும். அந்த யாரோ நீங்கள் இல்லை. அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வயர் ஓடுவது ஒரு மஞ்சள் சுவர் வீட்டின் மேலாக; அதன் பக்கத்தில் ஏணியைச் சாய்த்ததும் வெட்டுக்கத்தியை எடுக்காதீர்கள். முதலில் எதிர் ஜன்னலைப் பாருங்கள். டீச்சர் பேசிக்கொண்டிருந்தால், அந்த வகுப்பு முடியும்வரை காத்திருங்கள். உங்கள் ஃபோன் சிவப்பாகும். ஆகட்டும். அவர் பேசி முடித்ததும் கையைக் காட்டி, அறுக்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைக்குத் தானே முன்கூட்டிச் சொல்லிக்கொள்வார்.

பேசத் தயக்கமாக இருந்தால் மேலேயே நில்லுங்கள். அவர் உங்களைப் பார்ப்பார். கம்பத்தில் நின்ற ஒருவனைப் பார்த்துப் பழகியவர்தான்.